வகுப்பில் அனுமதிக்கப்பட்ட கல்குலேற்றர்

2 செப்ரெம்பர் 2003, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. கனடாவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பு எனக்கு முடிந்தது. இனி எல்லாரோடும் ஒரே வகுப்பு, செக்கண்டரி ஐந்து, பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். கணிதத்தில் மேல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

கணித ஆசிரியர் மிஸ்யே பெதார் ஆளுக்கொரு தாள் தந்தார். வரைபு கீறக்கூடிய, புரோகிராம் எழுதக்கூடிய கல்குலேற்றர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டுமாம். எது கூடும், எது கூடாது என்று தாளில் இருக்கிறது. சமன்பாட்டைத் தானே தீர்த்துத் தருகிற வகை கூடாது. தட்டச்சுப் பொறி மாதிரி எழுத்துகள் உள்ளதும் கூடாது. முதல் சோதனை ஒக்ரோபர் மூன்றாம் திகதி. அதற்குள் வாங்காதவர்கள் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடம் இரவல் கொடுக்கிறவை போன வருடமே முடிந்துவிட்டன. கீழ்ப் பிரிவில் படித்தால் பிறகு கல்லூரியில் விஞ்ஞானம் எடுக்க முடியாது.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் வாசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தார். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை, பின்னேர ஷிப்ட்.

"அல்போன்சம்மாவோட போய் வாங்கு பிள்ளை. அவவுக்குச் சனிக்கிழமை லீவுதானே."

அல்போன்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்து இன்னும் மூன்று கிழமை ஆகவில்லை. மட்டக்களப்பு. கார்டறி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறார். அப்பா ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் என்னைக் கதிரையில் இருத்திவைத்து, "அம்மா போய் ரெண்டு வருசமாகப் போகுது. நான் தனிய இருக்கேலாது. அம்மா போனதுக்குப் பிறகுதான் இவவைத் தெரியும்," என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்கிறது?

வந்த அன்று அல்போன்சம்மா குசினிக்குள் போனார். அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டி வைக்கிற லாச்சி இறுகிப்போனது, கொஞ்சம் மேலே தூக்கித்தான் இழுக்க வேண்டும். நான் இங்கே வந்து அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுத்தது. அவர் தூக்கி இழுத்தார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

5 செப்ரெம்பர், வெள்ளி

ஒன்றுமில்லை. மழை.

10 செப்ரெம்பர், புதன்

பக்கத்து மேசைப் பெண் தன் கல்குலேற்றரை நடுவில் வைக்கிறாள், நானும் பார்க்கட்டும் என்று. நல்ல பிள்ளை. ஆனால் அவள் வேகமாக அழுத்துகிறாள். நான் அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பிரெஞ்சு வசனம் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது ஒன்றும் நடக்காது. தமிழிலும் ஒன்றும் நடப்பதில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் அம்மாவை வெள்ளைத் துணியால் மூடியபோதும் நடக்கவில்லை. சின்னம்மா புஷ்பவதி ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்து, "அழு பிள்ளை, அழுதிடு," என்று அவவே அழுதா. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

13 செப்ரெம்பர், சனி

அல்போன்சம்மாவோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புரோசார்ட் போனேன். அங்கேதான் பெரிய கடைகள் இருக்கின்றன என்றார். பஸ் பாலத்தில் ஏறியதும் ஆற்றைக் காட்டி, "எங்கட கல்லடிப் பாலம் மாதிரி நாலு இதில வெக்கலாம், என்ன?" என்றார். நான் கல்லடிப் பாலம் பார்த்ததில்லை. அதைச் சொல்லவும் இல்லை.

கல்குலேற்றர்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. அவர் ஒரு விற்பனையாளரைக் கையில் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். "பூர் லெக்கோல். மாத். ல ப்ளு ஃபோர்!" பள்ளிக்கூடத்துக்கு, கணிதத்துக்கு, இருப்பதிலேயே கெட்டிக்காரனை எடு என்று அர்த்தம். கடை முழுக்கக் கேட்டிருக்கும். அந்த ஆள் சிரித்துக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்தான்.

"இதானா மகள்?" என்று என்னிடம் கேட்டார். "பாருங்க வடிவா. பேந்து மாத்தி மாத்தித் திரியேலா."

பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சமன்பாடுகளைக் குறியீடாகவே தீர்க்கும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ரி.ஐ. 89. மிஸ்யே பெதாரின் தாள் என் பைக்குள் இருந்தது. அதில் ரி.ஐ. 83 என்று இருந்தது. பக்கத்துத் தட்டிலேயே அது இருந்தது.

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன்? தெரியவில்லை. கோபம் என்றால் கோபம் தெரியவேண்டும். வாய் திறப்பது பெரிய வேலையாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவரே கத்தரிக்கோலால் பிளாஸ்ரிக்கை வெட்டி, பற்றரி போட்டு, திரையைச் சீலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். "படிச்சிக் காட்டுங்க," என்றார்.

15 செப்ரெம்பர், திங்கள்

மிஸ்யே பெதார் அதைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு வகுப்புக்குக் கேட்காத குரலில், இது உனக்குப் பதிலாகப் படித்து முடித்துவிடும், இதைப் பல்கலைக்கழகத்துக்கு வைத்துக்கொள் என்றார். தன் வகுப்பில் கூடாதாம்.

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

16 செப்ரெம்பர், செவ்வாய்

கடைக்குப் போன் எடுத்தேன். வெட்டித் திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

இன்று அப்பாவுக்கு லீவு. அவர் சத்தம் போட்டு இந்த வீட்டில் நான் இதுவரை கேட்டதில்லை.

"ஒரு சாமான் கேட்டு வாங்கத் தெரியாதோ உமக்கு? பிள்ளையின்ர படிப்பு இது!"

அல்போன்சம்மா மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன்னட்டப் பேப்பர் இருந்ததெல்லோ? காட்டினியோ?"

"மறந்திட்டன்."

அல்போன்சம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை. பிறகு அப்பாவிடம், "புள்ளைய ஏசாதீங்க. பேப்பரக் காட்டச் சொல்லி நான்தான் கேக்கல்ல," என்றார்.

மேசை சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி துடைத்தார்.

17 செப்ரெம்பர், புதன்

அல்போன்சம்மா ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

20 செப்ரெம்பர், சனி

காலையில் அல்போன்சம்மா என் அறைக் கதவைத் தட்டினார். "எனக்குக் கதைக்கத்தான் வரும், எழுத வராது. வாங்க, ஒரு நோட்டீஸ் எழுதுவம். யுனிவெர்சிட்டிப் புள்ளையளுக்கு இது தேவைதானே? அதுகளிட்ட பழைய சின்னது இரிக்கும். மாத்துவம்."

நான் அதை யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை. கீழ்ப் பிரிவுக்குப் போவது என்று விட்டுவிட்டேன்.

பிரெஞ்சில் எழுதினேன்: புதிய ரி.ஐ. 89, நல்ல நிலையில் உள்ள ரி.ஐ. 83க்கு மாற்றப்படும். வீட்டுப் போன் நம்பர். உடுப்புத் தோய்க்கிற கடையில் ஒன்று ஒட்டினோம், தெருமுனை டெப்பனர் கடையில் ஒன்று. பிறகு கோட்-டெ-நெய்ஜ் ஏற்றத்தில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே போனோம். நான் அந்தக் கட்டடத்துக்குள் போனதே இல்லை. எங்கள் வீட்டு யன்னலில் நின்றால் அதன் கோபுரம் தெரியும். அல்போன்சம்மா காவலாளியிடம் "பொன்ஜூர் மிஸ்யே!" என்று சொல்லிக்கொண்டு, அங்கேயே வேலை செய்கிறவர் மாதிரி உள்ளே நடந்தார். அறிவித்தல் பலகையில் இடமில்லை. யாரோ விற்கிற கட்டிலுக்கும் யாரோ தேடுகிற பூனைக்கும் நடுவில் குத்தினார்.

வரும் வழியில் மூச்சு வாங்கினார். "முழங்கால்," என்றார். நான் மெதுவாக நடந்தேன்.

23 செப்ரெம்பர், செவ்வாய்

ஒருவரும் எடுக்கவில்லை.

24 செப்ரெம்பர், புதன்

சின்னம்மா எடுத்தா. அல்போன்சம்மா வந்திருப்பது அவவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அப்பா சொல்லவில்லை; கோயிலில் யாரோ சொன்னார்களாம்.

"அந்த வீட்டில நீ ஏன் இருக்கோணும்? நத்தார் லீவுக்கு வெளிக்கிட்டு வா. இஞ்ச ஒரு அறை சும்மா கிடக்கு. இஞ்ச பள்ளிக்கூடமும் இங்கிலிஷ்."

"ஓம் சின்னம்மா."

"உண்மையா ஓமோ?"

"ஓம்."

போனை வைத்த பிறகு போகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போவதும் ஒன்றுதான், இருப்பதும் ஒன்றுதான். அங்கே போனால் கணிதம் எந்தப் பிரிவு என்று மட்டும் கேட்கவேண்டும்.

26 செப்ரெம்பர், வெள்ளி

பின்னேரம் போன் அடித்தது. ஒரு பெண், பெயர் சல்மா, துனீசியா, பொறியியல் முதலாம் வருடம். அவளிடம் 83 இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பாவித்தது. நாளைக்கு மெற்றோ வாசலில் சந்திக்கலாம் என்றாள். நான் சொல்லி முடிக்குமுன் அல்போன்சம்மா, "பற்றரியோட கொண்டரச் சொல்லுங்க!" என்று குசினியிலிருந்து கத்தினார்.

27 செப்ரெம்பர், சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

சல்மா நேரத்துக்கு வந்தாள். அவளுடைய கல்குலேற்றரின் மூடியில் கீறல்கள், பின்பக்கத்தில் நகப்பூச்சால் எழுதிய எஸ். அல்போன்சம்மா அதை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிற மாதிரி. சல்மா சிரித்தாள். நான் போட்டுப் பார்த்தேன். ஒரு சார்பை அடித்து வரைபு கேட்டேன். திரையின் இடது கரையிலிருந்து புள்ளி புள்ளியாக வந்து, கீழே இறங்கி, திரும்பி மேலே ஏறியது.

"என்னது அது?" அல்போன்சம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பரவளைவு."

"வேல செய்தா?"

"ஓம்."

சல்மா புதியதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நிச்சயமா, இது புதியதல்லவா என்று இரண்டு தரம் கேட்டாள். அல்போன்சம்மாவுக்கு அது விளங்கியது. "ஓக்கே, மெர்சி, போங்க மகள், படிங்க," என்று மூன்று பாஷையிலும் அனுப்பிவைத்தார்.

முழங்கால் நோகிறது என்று பஸ் தரிப்பு வாங்கில் இருந்தார். நானும் இருந்தேன். ஒரு பஸ் வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

"கடையில வெச்சே உங்களுக்குத் தெரியும், என்ன?" என்றார். கேள்வி மாதிரி இல்லை.

"ஓம்."

"ம்." அவ்வளவுதான். ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பையைத் திறந்து, மூடினார்.

அப்போது நான் கேட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது.

"அடுப்புக்குப் பக்கத்து லாச்சி தூக்கி இழுக்கோணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா உயிரோட இருக்கேக்கையே அந்த வீட்டில இருந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.

அழவில்லை. என் கையைப் பிடிக்கவில்லை. சாட்டும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் மிச்சத்தையும் சொன்னார்.

"மூணு வருசம் அந்த வீட்டிலதான் இருந்தன். நீங்க வாறீங்க எண்டதும் வெளிக்கிட்டுட்டன். அப்பாக்கு இங்க இருக்கிறதுக்கு விசாக் கடதாசி கிடைக்கல்ல, அங்க போகவும் ஏலா, உங்களக் கூப்பிடவும் ஏலா. அது ஞாயமில்ல. நான் ஞாயம் சொல்லல்ல. உங்கட அம்மாட கோல் வந்தா நான் பல்கனியில போய் நிப்பன். எனக்குக் கேக்கக்கூடா எண்டு. மாரிக் குளிரிலயும்தான். ஒருக்காக் காது விறைச்சிப் போச்சி."

அந்தக் கதவுச் சத்தம் எனக்குத் தெரியும்.

திருகோணமலையில் நானும் அம்மாவும் கொமினிக்கேஷன் கடையில் வரிசையில் நின்றுதான் அப்பாவோடு கதைப்போம். ஒரு போனை இரண்டு பேரும் காதோடு சேர்த்துப் பிடிப்போம். அப்பா ஹலோ சொன்னதும் ஒரு கதவு இழுபடுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு தரமும். "என்னப்பா அது?" என்று அம்மா ஒருநாள் கேட்டா. "காத்தடிக்குது, கதவைச் சாத்தினனான்," என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. "கனடாவில சரியான காத்தாம்."

அதை நான் இவரிடம் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தோம். கல்குலேற்றர் என் மடியில் இருந்தது.

எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கோபம் வரோணும். வருகுதில்லை. பொய் சொன்னவர் அப்பா. உண்மை சொன்னவ இவ. அம்மா பாவம். அம்மா என்ர அம்மா பாவம். இதை எழுதேக்கையும் கண்ணில ஒண்டும் வருகுதில்லை. நான் என்ன மாதிரி ஆள்?

28 செப்ரெம்பர், ஞாயிறு

அல்போன்சம்மா பூசைக்குப் போனார். நான் கணக்குச் செய்தேன்.

3 ஒக்ரோபர், வெள்ளி

சோதனை. தொடங்குமுன் மிஸ்யே பெதார் மேசை மேசையாக வந்து எல்லாக் கல்குலேற்றர்களின் நினைவகத்தையும் அழித்தார், யாரும் சூத்திரங்களை எழுதி வைத்திருக்கக்கூடாது என்று. சல்மா எழுதி வைத்திருந்த விளையாட்டு ஒன்று அதில் இருந்தது, போய்விட்டது. என் 83ஐப் பார்த்துத் தலையசைத்தார்.

கேள்விகள் கடினம் இல்லை.

10 ஒக்ரோபர், வெள்ளி

வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். மேல் பிரிவிலேயே இருக்கலாம். அப்பா தாளை மடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அங்கே யாருக்கோ காட்ட. அல்போன்சம்மா றால் பொரித்தார்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அல்போன்சம்மா பூசைக்குப் போயிருந்தார்.

"அப்பா, அன்ரி சொல்லிட்டா," என்றேன்.

"என்னத்தை?"

"எப்ப இருந்தெண்டு."

பைப்பைப் பூட்டினார். கையைத் துடைக்காமல் நின்றார். தண்ணீர் நிலத்தில் சொட்டியது.

"நீ விட்டிட்டுப் போயிடுவாய் எண்ட பயத்திலதான் பொய் சொன்னனான்."

"அம்மாக்குத் தெரியுமோ?"

"தெரியாதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்," என்றார். பிறகு கதிரையில் இருந்தார். ஐம்பது வயது ஆளுக்கு அவ்வளவு நரை கூடாது. நான் மிச்சப் பாத்திரங்களைக் கழுவினேன். மன்னிக்கவில்லை. கழுவினேன், அவ்வளவுதான்.

2 நவம்பர், ஞாயிறு

முதல் பனி. நிலத்தில் நிற்கவில்லை. சின்னம்மா பஸ் ரிக்கற் எப்போது எடுப்பது என்று கேட்டா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதற்கு முன் நான் யோசிக்கிறேன் என்று சொன்னதில்லையாம்.

22 நவம்பர், சனி

அம்மாவின் திதி.

காலையில் எழும்பியபோது அல்போன்சம்மா இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய், பயற்றங்காய் எல்லாம் நேற்றே வெட்டி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தான் இருக்கக்கூடாது என்று செயின்-லோறனில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாராம். அப்பா சொன்னார்.

அப்பா சமைத்தார். நான் அம்மாவின் படத்தைத் துடைத்துப் பூ வைத்தேன். படையல் போட்டுக் கற்பூரம் கொளுத்தினோம், உடனே கூரையில் இருக்கிற புகை அலாரம் அடிக்கத் தொடங்கியது. அப்பா வேட்டியோடு கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அலாரம் நிற்கவே இல்லை. அம்மா இதைப் பார்த்திருந்தால் — வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பா. அம்மாவின் சிரிப்பு எப்படி என்று எனக்குச் சரியாக ஞாபகம் வந்தது. முதலில் சத்தமே வராது, தோள்தான் குலுங்கும். நான் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். அப்பா கதிரையிலிருந்து இறங்கிவிட்டார். அலாரம் தானாக நின்றது. நான் நிற்கவில்லை. கனநேரம்.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். பெரிய பானை நிறையச் சோறு. நாங்கள் இரண்டு பேர்.

செயின்-லோறன் நம்பர் போன் பக்கத்தில் எழுதியிருந்தது.

"அன்ரி, சாப்பாடு கனக்க இருக்கு. வாங்கோ."

"அப்பா சொன்னவரா மகள்?"

"இல்லை. நான்தான்."

மெற்றோ பிடித்து வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை; பக்கத்துக் கதிரையைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டார். அல்போன்சம்மா முதலில் படத்துக்கு முன்னால் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் கேட்கவும் விரும்பவில்லை.

மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். நாலைந்து வாய்க்குப் பிறகு அல்போன்சம்மா மெதுவாகக் கேட்டார்.

"உப்புப் போடல்லியா?"

"படைக்க முதல் ருசி பாக்கக்கூடாதெல்லோ," என்றார் அப்பா. "மறந்துபோனன்."

"ஒண்டிலயுமா?"

"ஒண்டிலயும்."

உண்மைதான், ஒன்றிலும் இல்லை. நான் அதுவரை கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்தேன். ஆளாளுக்குத் தூவிப் பிசைந்தோம்.

நத்தாருக்கு வரவில்லை, ஆனியில் சோதனை முடிய வருகிறேன் என்று நாளைக்குச் சின்னம்மாவிடம் சொல்ல வேண்டும். காரணம் கேட்பா. கணக்குச் சோதனை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

உப்புப் போட்ட பிறகு கத்தரிக்காய் நன்றாக இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.